குடும்ப ஜெபத்தில் தினமும் வந்துபோன அந்த அங்கிள்

ஒரு ராத்திரி குடும்ப ஜெபத்தில் நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல ஸ்தோத்திரத்தில் ஆரம்பித்து, பிள்ளையின் படிப்பு, மனைவியின் சுகம் என்று வந்துகொண்டிருந்தேன். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அம்மாவின் காதில் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எனக்கும் நன்றாகக் கேட்கும்படி கேட்டாள்: "அம்மா, ஜெபம் முடியப்போகுதா, இல்ல அந்த அங்கிள் இன்னும் வரணுமா?" மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. அடுத்து அந்த அங்கிளைப் பற்றித்தான் ஆண்டவரிடம் முறையிடப்போகிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? ஏழு வயதுப் பிள்ளைக்கே மனப்பாடம் ஆகிற அளவுக்கு நான் தினமும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன் என்பது அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவில்லை.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். அந்த அங்கிள் எங்கள் சபைக்காரர், 12 வருட சிநேகிதம். பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுப்பதில் இரண்டு பேரும் ஜோடி. சின்னதாக ஒரு தொழில் தொடங்கக் கடன் வாங்கினார், ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்றார். மனைவியிடம்கூடக் கேட்காமல் போட்டுக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னபோது அவள், "போட்டுட்டீங்களா? சரி" என்று மட்டும் சொன்னாள். அந்த 'சரி'யின் அர்த்தம் எனக்குப் புரிய எட்டு மாதம் ஆனது. தொழில் படுத்துவிட்டது, அவர் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார், கொஞ்ச நாளில் போனையும் எடுக்காமல் ஆனார். கடன் கொடுத்தவர்கள் நேராக என்னிடம் வந்தார்கள். பிணைப்படுகிறவர்களில் ஒருவனாகாதே என்று நீதிமொழிகள் 22:26 சொல்கிறது. அந்த அதிகாரத்தை எத்தனை முறை வாசித்திருப்பேன்! ஆறாம் வசனத்தில் பிள்ளையை நடத்தவேண்டிய வழியைப் பற்றி இருப்பதால் அதோடு நிறுத்திக்கொள்வேன். 26 வரை போனதாக ஞாபகமே இல்லை.

மொத்தம் 48 தவணை. ஒவ்வொன்றும் என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. கூட்டிப் பார்த்தால் 16 மாதச் சம்பளம், அப்படியே போய்விட்டது. வீடு கட்டுகிற யோசனையைக் கைவிட்டோம். பணம் போனதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஆராதனைக்கு வந்தார், என்னைப் பார்த்துத் தூரத்திலிருந்தே "ஸ்தோத்திரம் பிரதர்" என்று கையைத் தூக்கிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையை நான் பல மாதம் மென்றுகொண்டிருந்தேன்.

யாரிடம் போய்ச் சொல்வது? சபையில் இரண்டு மூன்று பேரிடம் சொன்னேன். எல்லாரும் நல்லவர்கள்தான், எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "எல்லாத்துலயும் ஸ்தோத்திரம் பண்ணுங்க பிரதர்." வசனம்தானே, மறுத்துப் பேச முடியுமா? செய்து பார்த்தேன். ஒரு மாதம் காலையில் எழுந்ததும் நூறு ஸ்தோத்திரம் எண்ணிச் சொன்னேன். இந்தக் கடனுக்காக ஸ்தோத்திரம், அவருடைய துரோகத்துக்காக ஸ்தோத்திரம், இந்த அவமானத்துக்காக ஸ்தோத்திரம். நாக்கு ஸ்தோத்திரம் சொல்லும், உள்ளே பல் நறநறவென்று கடிக்கும். தவணை கட்டுகிற நாள் வந்தால் செருப்பு இடம் மாறியிருந்தாலும் வீட்டில் சத்தம்தான். நன்றி சொல்லத் தெரியாதவன், விசுவாசமில்லாதவன் என்ற குற்ற உணர்வு வேறு தனியாகச் சேர்ந்துகொண்டது. இந்த இடத்தில்தான் யாராவது என்னைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஏனென்றால் நான் வசனத்தைச் சரியாக வாசிக்கவில்லை. 1 தெசலோனிக்கேயர் 5:18 சொல்வது "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்றுதான். எந்த நிலைமையில் இருந்தாலும் ஸ்தோத்திரம் செய் என்பது ஒன்று, ஒருவன் செய்த அநியாயத்தை நன்மை என்று சொல்லிப் புகழ் என்பது வேறு. எபேசியர் 5:20 "எல்லாவற்றிற்காகவும்" என்கிறதே என்று கேட்பீர்கள். நானும் அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் அதே அதிகாரத்தில், ஒன்பது வசனம் முன்னால், கனியற்ற அந்தகாரக் கிரியைகளுக்கு உடன்படாமல் அவைகளைக் கடிந்துகொள்ளுங்கள் என்றும் இந்த நிருபங்களை எழுதிய அப்போஸ்தலன் பவுல் எழுதியிருக்கிறார். இருட்டைக் கடிந்துகொள்ளச் சொன்னவர் அதே மூச்சில் இருட்டுக்கு நன்றி சொல்லச் சொல்லியிருக்க மாட்டார். யோசேப்பும் தன்னை அடிமையாக விற்றுப்போட்ட சகோதரரிடம் "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்றுதான் முதலில் சொன்னார். தீமையைத் தீமை என்று பெயர் சொல்லி அழைத்த பிறகுதான், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினதைப் பற்றிப் பேசினார். நான் முதல் பாதியைத் தாண்டிக் குதித்து இரண்டாம் பாதிக்குப் போகப் பார்த்தேன். அதனால் உங்களுக்கும் யாராவது துரோகம் செய்திருந்தால், அந்தத் துரோகத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லி உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள். அது துரோகம்தான் என்று ஆண்டவரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சரி, மகள் அப்படிக் கேட்டாளே, அதற்கு மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். முறுமுறுப்பை நிறுத்தவில்லை, எண்ணினேன். ஒரு வாரம், பாக்கெட்டில் ஒரு துண்டுச் சீட்டு. அந்தக் கதையை யாரிடமாவது சொன்னால் ஒரு கோடு. வாரக் கடைசியில் 11 கோடு இருந்தது. அதில் மூன்று, அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த ஆட்கள். அலுவலகத்துக்கு ஏதோ பழுது பார்க்க வந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், அவர் பாவம் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். நிறுத்த முயன்றால் தோற்றுப்போவோம், எண்ணினால் நம்மை நாமே பார்த்துக்கொள்வோம். இதை எல்லாருக்கும் சொல்கிறேன், ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்.

அந்த 11 கோட்டில் ஒன்றுகூட அந்த நண்பரிடம் பேசியது இல்லை. இதுவும் சீட்டைப் பார்த்தபோதுதான் தட்டியது. உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கையில் அவனுக்கு உணர்த்து என்று மத்தேயு 18:15 சொல்கிறது. நான் ஊர் முழுக்கச் சொன்னேன், அவரைத் தவிர. பிறகு போனேன். சபைப் பெரியவர் ஒருவரையும் அழைத்துப் போகலாமா என்று யோசித்து, முதல் முறை தனியாகவே போனேன். அழுதார், கட்டிவிடுகிறேன் என்றார். இரண்டு மாதம் சின்னத் தொகை தந்தார், அப்புறம் நின்றுவிட்டது. மறுபடி ஒரு பெரியவரோடு போனேன். அதற்கும் பெரிய பலன் இல்லை. ஆனாலும் சொல்லவேண்டியவரிடம் நேராகச் சொல்லிவிட்டதால், மற்றவர்களிடம் சொல்லவேண்டும் என்ற அரிப்பு பாதியாகக் குறைந்தது. இது நான் எதிர்பார்க்காத லாபம்.

இன்னொரு வித்தியாசமும் அப்போதுதான் பிடிபட்டது. சங்கீதக்காரர்களும் குறைதானே சொல்கிறார்கள், எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேல் ஜனங்களும் வனாந்தரத்தில் குறைதானே சொன்னார்கள், பிறகு ஏன் ஒன்று ஜெபம், மற்றது முறுமுறுப்பு? சங்கீதம் 106:25 ஒரு வரியில் பதில் சொல்கிறது: அவர்கள் தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்தார்கள். ஆண்டவரைப் பற்றி, ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். 13-ம் சங்கீதத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தரம் "எதுவரைக்கும்" என்று கேட்கிறார் தாவீது, அத்தனையும் நேராகக் கர்த்தரின் முகத்தைப் பார்த்து. மொத்தமே ஆறு வசனம்தான், ஆனால் கேள்வி, விண்ணப்பம், கடைசியில் ஒரு பாட்டு என்று ஒழுங்காக இறங்கி வருகிறது. நான் அதை அச்சாக வைத்துக்கொண்டு என் வார்த்தையில் ஒரு தாளில் எழுதினேன். எதுவரைக்கும் நான் இன்னொருவர் கடனைக் கட்டுவேன், எதுவரைக்கும் அவர் சிரித்துக்கொண்டு கையைத் தூக்குவார் என்றெல்லாம். பாட்டு வரவேண்டிய இடத்தில் எனக்கு ஒன்றும் வரவில்லை. காலியாக விட்டுவிட்டேன். பரவாயில்லை, 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறாரே ஆண்டவர் என்று தேற்றிக்கொண்டேன். அன்று ராத்திரி ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

நன்றி என்பது அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது, அதுவும் ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து. தவணைக் கணக்கு எழுத ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தேன். தேதி, கட்டிய தொகை, பாக்கி. ஓரத்தில் சிவப்பு மையில் அவருடைய பெயரின் முதல் எழுத்து, ஒவ்வொரு வரியிலும். எதற்கு எழுதினேன் என்றால், யாரால் இந்தச் செலவு என்று மறந்துவிடக் கூடாதாம்! ஒருநாள் எத்தனை பாக்கி என்று பார்க்கப் புரட்டினேன். 31-ம் தவணை வரிக்குக் கீழே பென்சிலில் பொடியாக ஏதோ இருந்தது. மனைவியின் கையெழுத்து. "இந்த மாதம் என் டியூஷன் பணம்." முன்னும் பின்னும் புரட்டினேன். 19-லும் அப்படி ஒரு குறிப்பு, 22-லும், 27-லும். மொத்தம் ஒன்பது இடத்தில். அந்தப் பக்கங்களை நான் எத்தனையோ தரம் திறந்திருக்கிறேன், பக்கத்து வரியில் சிவப்பு மையால் எழுதியுமிருக்கிறேன். பென்சில் எழுத்து கண்ணில் பட்டிருக்கிறது, மனதுக்குப் போகவில்லை. சாயங்காலமானால் பத்துப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து சத்தமாக வாய்ப்பாடு சொல்லும். "வீட்டுக்கு வந்தா நிம்மதி இல்ல" என்று அதையும் என் முறுமுறுப்புப் பட்டியலில்தான் சேர்த்து வைத்திருந்தேன்.

ரூத் புத்தகத்தில் வருகிற நகோமி ஞாபகத்துக்கு வந்தாள். பெத்லகேமுக்குத் திரும்பி வந்தவள் ஊர்ப் பெண்களிடம், என்னை நகோமி என்று சொல்லாதீர்கள், மாராள், அதாவது கசப்பு, என்று சொல்லுங்கள் என்கிறாள். நிறைவுள்ளவளாய்ப் போனேன், வெறுமையாய்த் திரும்பிவந்தேன் என்கிறாள். அதைச் சொல்லும்போது பக்கத்தில் மருமகள் ரூத் நிற்கிறாள். உன் ஜனம் என் ஜனம் என்று சொல்லி, சொந்த தேசத்தை விட்டுவிட்டு இத்தனை தூரம் கூடவே நடந்து வந்தவள். அவளை வைத்துக்கொண்டே 'வெறுமை' என்கிறாள் மாமியார். ரூத்துக்கு எப்படி இருந்திருக்கும்? புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் மனைவியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நகோமியின் துக்கம் பொய்யில்லை, புருஷனையும் இரண்டு மகன்களையும் புதைத்துவிட்டு வந்தவள். என் நஷ்டமும் பொய்யில்லை. ஆனால் முறுமுறுப்பு ஒரு தப்பான கணக்கப்பிள்ளை. செலவுப் பக்கத்தை ஒரு காசு விடாமல் எழுதும், வரவுப் பக்கத்தைத் திறக்கவே திறக்காது. எண்ணாகமம் 11-ல் ஜனங்கள் எகிப்தில் "கிரயமில்லாமல்" சாப்பிட்ட மீனை நினைத்து அழுகிறார்கள். அடிமையாக முதுகொடியச் செங்கல் அறுத்துவிட்டு, அந்த மீன் இலவசமாம்! நானும் அப்படித்தான், கடனுக்கு முந்திய காலம் ஏதோ பாலும் தேனும் ஓடியது மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். அப்போதும் மாதக் கடைசியில் இழுபறிதான்.

அன்று மனைவியிடம் போய் நன்றி சொன்னேன். சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "எழுத ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு" என்றாள். அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுகிற காட்சியெல்லாம் எங்கள் வீட்டில் நடக்கவில்லை. ஆனால் லூக்கா 17 எனக்கு அப்போது வேறு மாதிரி பட்டது. இயேசு சொன்னபடி பத்துக் குஷ்டரோகிகளும் கீழ்ப்படிந்தார்கள், ஆசாரியரிடம் காட்டப் போனார்கள், போகையில் சுகமானார்கள். திரும்பி வராத ஒன்பது பேரும் மனதுக்குள் நன்றியோடுதான் இருந்திருப்பார்கள், யார் கண்டது. பத்தாவது ஆளான சமாரியன் செய்தது ஒன்றே ஒன்று, திரும்பி வந்தான். மனதுக்குள் வைத்திருக்கிற நன்றி சேரவேண்டியவரிடம் போய்ச் சேராது. அதனால் என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். அதே நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். "எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று எழுதுவதில்லை. அப்படி எழுதினால் ஒன்றையும் பார்க்கவேண்டியதே இல்லையே. யார், என்ன செய்தார், என்று செய்தார், இந்த மூன்றும் இருக்கவேண்டும். அந்த ஆள் உயிரோடு இருந்தால் வாரத்தில் ஒருவரிடமாவது போய்ச் சொல்லவேண்டும்.

முதலில் தினமும் எழுதினேன். மூன்றாவது வாரமே அது வருகைப் பதிவேடு மாதிரி ஆகிவிட்டது, சுகம், பெலன், ஜீவன் என்று கை தானாக எழுதியது. ஞாயிறு சாயங்காலம் மட்டும் என்று மாற்றிய பிறகு உயிர் வந்தது. இது விசுவாசிகளுக்கு மட்டும் தெரிந்த விஷயமும் இல்லை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றியான காரியங்களை எழுதினவர்கள், எரிச்சலூட்டிய காரியங்களை எழுதினவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையை நல்லவிதமாக மதிப்பிட்டார்கள். எரிச்சலை எழுதுகிற அந்த இரண்டாவது கூட்டத்தில் நான் சிவப்பு மையோடு பல வருஷம் சந்தா கட்டாத உறுப்பினர்.

ஒரு பள்ளத்தில் விழுந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எழுதத் தொடங்கிய புதிதில், நான் அவரைப் போல ஏமாற்றுக்காரனாக இல்லாததற்கு ஸ்தோத்திரம் என்று ஒருநாள் எழுதினேன். எழுதும்போது ரொம்ப ஆவிக்குரியதாக இருந்தது. மறுநாள் வாசித்தால் எங்கேயோ கேட்ட குரல். லூக்கா 18-ல் பரிசேயன் ஜெபமும் "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதானே வருகிறது! பக்கத்தில் நின்ற ஆயக்காரனைப்போல, அதாவது வரி வசூலிக்கிறவனைப்போல, இராததனால் ஸ்தோத்திரமாம். அடுத்தவரைவிட நாம் மேல் என்று சொல்லுகிற நன்றி, முறுமுறுப்புக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்ட மாதிரி. அதே காரணத்துக்காக, "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்" என்று யாருக்கும் ஆறுதல் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மன்னித்தால் மறுபடி கையெழுத்துப் போடவேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த விடாதீர்கள். யோசேப்பு 17 வயதில் விற்கப்பட்டு 30 வயதில் பார்வோன் முன் நின்றவர். முதல் மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்து, என் வருத்தமெல்லாம் தேவன் மறக்கப்பண்ணினார் என்று சொன்னவர். அப்படிப்பட்டவரே சகோதரர் வந்து நின்றதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. கடுமையாய்ப் பேசினார், சோதித்தார், பென்யமீன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்துப் பார்த்தார், நடுநடுவே தனியே போய் அழுதார். எனக்கு அந்த அழுகைதான் ரொம்பப் பிடிக்கும். மறந்தேன் என்றவருக்கும் அழுகை வந்திருக்கிறது. அப்புறம், வீட்டுக்குள் அடி உதை நடந்துகொண்டிருந்தாலோ, வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் சாகலாமா என்று தோன்றினாலோ, நன்றி நோட்டை எடுக்காதீர்கள். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், மருத்துவரைப் பாருங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

48-வது தவணையும் கட்டி முடித்துவிட்டேன். அவரிடமிருந்து மீதிப் பணம் வரவில்லை, வரும் என்று இப்போது கணக்கில் வைப்பதும் இல்லை. சிவப்பு மைப் பக்கங்களைக் கிழிக்கவில்லை, பென்சில் குறிப்புகள் அவற்றில்தானே இருக்கின்றன. முறுமுறுப்பு முழுசாகப் போய்விட்டதா என்றால், இல்லை. போன வாரம்கூடச் சீட்டில் இரண்டு கோடு விழுந்திருக்கும்.

சில மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி குடும்ப ஜெபத்தை நான் முடித்து ஆமென் சொன்னேன். மகளுக்கு இப்போது பத்து வயது. கண்ணைத் திறக்காமலே, "அப்பா, அந்த அங்கிளை விட்டுட்டீங்க" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே நான் மறந்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். திரும்பக் கண்ணை மூடினேன். அவர் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மனைவிதான் ஆமென் சொன்னாள்.